பதினேழு அங்குலச் சபதம்

இந்த வருடம் என் வீட்டில் ஒரே ஒரு விஷயமாவது என் சொல்படி நடக்க வேண்டும் என்று ஜனவரி முதல் தேதி சபதம் செய்தேன். எந்த விஷயம் என்று அன்று முடிவு செய்யவில்லை. அதை மனைவியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் விஷயம் தானாக வந்தது. என் மனைவி எதெல்வினா, ஐம்பத்தோரு வயதில், சட்டம் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். முப்பது வருடம் லா பாஸ் நகரத்துப் பெண்களுக்குப் பாவாடை தைத்தவள். "தைச்சது போதும், இனிமே பிரிக்கலாம்னு பாக்கறேன்" என்றாள். அவளுக்குச் சட்டம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் வாதமும் அவளே, தீர்ப்பும் அவளே. பட்டம் ஒன்றுதான் பாக்கி.

படிப்புக்கு ஒரு லேப்டாப் வேண்டும். பிடித்துக்கொண்டேன். லேப்டாப் என் துறை. நகராட்சியில் வடிகால் வரைபடப் பிரிவில் இருபத்தாறு வருடமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். ஊரின் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வாழ்க்கை எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் தெரியாது. ஜன்னலோரம் நின்று அதைப் பற்றி அடிக்கடி யோசிப்பேன். எதெல்வினா வந்து ஜன்னலைச் சாத்துவாள். யோசனை முடிந்துவிடும்.

"பதினேழு அங்குலம்" என்றேன்.

"பதினாலு" என்றாள். கழுத்தில் தொங்கிய தையல் நாடாவைக்கூட எடுக்கவில்லை.

"சட்டப் புத்தகம்னா சும்மாவா? சின்னத் திரையில படிச்சா கண்ணு போயிடும்."

"வகுப்புல மேசை கிடையாது கிழவா. நாற்காலிக் கையில ஒரு பலகை. போய் அளந்துட்டு வந்துட்டேன். முப்பத்தஞ்சு சென்டிமீட்டர். உன்னோட பதினேழு நாப்பது வரும். மிச்ச அஞ்சு பக்கத்துல இருக்கறவன் மடியில உக்காரும்."

எங்கள் ஊரில் கணவனைக் கிழவா என்று கூப்பிடுவது அன்பு. பதிலுக்குக் கிழவி என்று நான் கூப்பிட்டதில்லை. அன்புக்கும் ஓர் எல்லை வேண்டும்.

"எடை இருந்தாத்தான் சாமானுக்கு மதிப்பு" என்றேன்.

"ரெண்டே முக்கால் கிலோ. கேபிள் வண்டியிலேர்ந்து இறங்கி நூத்திப் பதினெட்டுப் படி. நீ தூக்குவியா?"

எண்ணியிருக்கிறாள்.

"தனியா ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேணும்."

"எதுக்கு?"

"நீதிபதி முகம் தெளிவாத் தெரிய வேண்டாமா?"

"நீதிபதி முகமா, கோல்கீப்பர் முகமா?"

பேச்சை மாற்ற ஜன்னல் பக்கம் போனேன். அவள் விடவில்லை.

"நூத்திருபது பேருக்கு ரெண்டே ரெண்டு பிளக்கு. பத்து மணி நேரம் பேட்டரி நிக்கணும். பதினாறு ஜிபி ராம். ஐநூத்திப் பன்னெண்டு ஜிபி இடம். எழுத்து வாசிக்கத் திரை மின்னாம இருக்கணும். அவ்வளவுதான் வேணும்."

இந்த வார்த்தைகளை எங்கே பிடித்தாள்? அவளிடம் பாவாடை தைக்கக் கொடுக்கும் பெண்களில் ஒருத்தி கணினிப் பொறியாளர். இடுப்பளவு எடுக்கும் நேரத்தில் இவள் அந்தப் பெண்ணின் மூளையையும் அளந்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொலைக்காட்சிப் பெட்டி போன நவம்பரில் உயிரை விட்டது. "நான் பட்டம் வாங்கின பிறகு புதுசு வாங்கலாம்" என்று தீர்ப்பாகிவிட்டது. அதாவது ஐந்து வருடம். ஐந்து வருடம் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தை நான் எதில் பார்ப்பது? பன்னிரண்டு வயதிலிருந்து நான் நீலச் சட்டை அணியின் ரசிகன். பதினாலு அங்குலத்தில் இருபத்திரண்டு பேரும் எறும்பு போல இருப்பார்கள். மனைவியின் படிப்பை என் ஆட்டத்துக்காக வளைக்கிறேனே, நான் நல்லவனா என்று இரண்டு நாள் வருந்தினேன். மூன்றாம் நாள், ஆமாம், நல்லவன்தான் என்று முடிவுக்கு வந்தேன்.

இங்கேதான் அலாசீத்தாஸ் சந்தை வருகிறது. ஜனவரி இருபத்து நாலாம் தேதி லா பாஸில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். அந்த வருடம் என்ன வேண்டுமோ அதைச் சின்னஞ்சிறு பொம்மையாக வாங்க வேண்டும். விரல் அளவு வீடு, நகம் அளவு கார், தபால்தலை அளவு பட்டச் சான்றிதழ். மணி பன்னிரண்டு அடிக்கும்போது அதற்குப் புகை போட்டு ஆசி வாங்கினால் நிஜமானது வருடத்துக்குள் வந்து சேரும். எல்லாவற்றையும் உடம்பில் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து சிரிக்கும் குட்டைச் சாமி எக்கேக்கோ அதைப் பார்த்துக்கொள்வார். மேலெல்லாம் சுமை, முகத்தில் சிரிப்பு. அவர் கல்யாணமானவர் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

ஒரு நிபந்தனை. தனக்குத் தானே வாங்கிக்கொண்டால் பாதிதான் பலிக்கும். அடுத்தவர் கையால் வர வேண்டும்.

"கிழவா, நீயே உன் கையால ஒரு பதினாலு அங்குலம் வாங்கிக் குடேன்" என்றாள் எதெல்வினா. குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. "முப்பது வருஷம் கழிச்சுப் படிக்கப் போறேன். பயமா இருக்கு. உன் கையால வந்தா நல்லாயிருக்கும்."

நான் இளகியிருப்பேன். ஆனால் சபதம் நினைவுக்கு வந்தது.

"செத்தாலும் என் கையால பதினாலு அங்குலம் தர மாட்டேன்!"

"சரி. நானே வாங்கிக்கறேன். பாதி பலிச்சாப் போதும்."

சுலபமாக அடங்கிவிட்டாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். எப்போதும் யோசிப்பவன் அன்று மட்டும் யோசிக்கவில்லை.

என் திட்டம் இது. சந்தை தொடங்க ஒரு வாரம் முன்பே தகர வேலைக்காரர் ஒருவரைப் பிடித்து ஒரு குட்டி லேப்டாப் செய்யச் சொன்னேன். தீப்பெட்டி அளவு. திறந்தால் திரையில் தங்க எழுத்தில் '17'. மஞ்சள் காகிதத்தில் சுற்றி என் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். சந்தையில் விற்கும் குட்டி லேப்டாப் எல்லாம் இதே அளவு, இதே மஞ்சள் காகிதம். ஆசிக்கு முன்னால் மாற்றிவிட்டால் முடிந்தது. ஆசி பெற்றதை மீறி எதெல்வினா நடக்க மாட்டாள். எனக்கு அடங்காதவள் எக்கேக்கோவுக்கு அடங்குவாள்.

அந்த நாளும் வந்தது. என் கண்ணெதிரே அவள் '14' எழுதிய குட்டி லேப்டாப்பை வாங்கினாள். மஞ்சள் காகிதத்தில் சுற்றித் தன் துணி மூட்டையில் வைத்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"கோட்டைக் கழட்டிக் குடு கிழவா, வேர்க்குது பாரு. வரிசையில நின்னு ரெண்டு கோப்பை ஆப்பி வாங்கிட்டு வா."

மறுத்தால் சந்தேகம் வரும் என்று கோட்டைக் கொடுத்தேன். சூடான சோளக் கஞ்சியோடு திரும்பி வந்து முதல் வேலையாகக் கோட்டை வாங்கித் தடவிப் பார்த்தேன். உள்பையில் பொட்டலம் இருந்தது. மூச்சு வந்தது.

மணி பன்னிரண்டாக ஒரு நிமிடம். கூட்டம் நெருக்கியது. புகை போடும் கிழவர் தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டார். கண் தெரியவில்லை.

"இந்த மூட்டையைக் கொஞ்சம் பிடி. தொப்பி நழுவுது" என்றாள்.

மூட்டை என் கையில்! அவளே கொடுத்தாள்! ஒரு கையால் அவள் பொட்டலத்தை எடுத்தேன், மறு கையால் என் பொட்டலத்தை வைத்தேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு வேகமாக நான் எதையும் செய்ததில்லை. தேவாலய மணி முதல் அடி அடித்தது.

"குடு, குடு, மணி அடிச்சாச்சு!"

கொடுத்தேன். கிழவர் அதன் மேல் சாராயத்தைத் தெளித்தார், பூவிதழ் போட்டார். பன்னிரண்டு அடியும் என் நெஞ்சில் மத்தளம் போல விழுந்தன. வென்றுவிட்டேன்!

வெற்றி ஒரு மனிதனை என்ன செய்யும் என்று அன்று தெரிந்துகொண்டேன். வாயைத் திறக்க வைக்கும்.

"எதெல்வினா, இனி சண்டை வேண்டாம். மூட்டையில எது இருக்கோ, அதுதான் வாங்கறோம். கடையில வச்சுத்தான் பிரிக்கணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நீ மாற மாட்டியே?"

"நானா? நீ சட்டம் படிக்கப் போறவதானே, எழுதிக்கோ!"

எழுதினாள். கஞ்சி விற்ற அம்மாளைச் சாட்சிக்கு அழைத்தாள். ஃப்ரோய்லான் மமானி என்று முழுப் பெயரையும் எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இனி ஒரு தடயம்தான் பாக்கி: என் பையில் இருந்த அவளுடைய பதினாலு அங்குலம். பன்னிரண்டு மணிப் புகை அதன் மேலும் பட்டிருந்தது, குப்பையில் போட்டால் பாவம். யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டில் தோன் ஹெர்மோஹெனெஸ், அதாவது ஹெர்மோஹெனெஸ் ஐயா, இருக்கிறார். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். புலி அணியின் ரசிகர், அதாவது என் பரம எதிரி. அவருக்குப் பதினாலு அங்குலமே அதிகம். பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே அவர் கையில் வைத்தேன்.

"எனக்கா, தோன் ஃப்ரோய்லான்?" என்று அவர் கண் கலங்கினார்.

"வச்சுக்குங்க" என்றேன். பெருந்தன்மை எவ்வளவு மலிவு!

பிப்ரவரியில் வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருந்தது. எலோய் சல்மோன் தெருவில் ஒரு கடைக்குப் போனோம். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனேன்.

"என்ன அளவு பாக்கறீங்க?" என்றாள் கடைக்காரப் பெண்.

"மூட்டை சொல்லும்!" என்றேன், தீர்க்கதரிசி போல.

எதெல்வினா மூட்டையை மேசையில் வைத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் காகிதத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். குட்டி லேப்டாப்பைத் திறந்தாள்.

14.

வாங்கிப் பார்த்தேன். தலைகீழாகப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் பதினாலு.

"இது... இது மாறிப் போயிருக்கு!"

"எப்படி மாறும் கிழவா?" அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ஆசிக்கு முன்னாடி மூட்டை ஒரு நிமிஷம் உன் கையிலதானே இருந்துச்சு. நீ எதையாவது மாத்துனியா?"

கடைக்காரப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். கடையில் இருந்த ஐம்பது லேப்டாப்பும் என்னைப் பார்த்தன. ஆமாம் என்றால் திருடன். இல்லை என்றால் பதினாலு அங்குலம்.

"இல்லை" என்றேன்.

"அப்ப சரி. பத்து மணி நேரம் பேட்டரி, பதினாறு ராம், ஒண்ணரைக் கிலோவுக்கு உள்ள" என்று கடைக்காரியிடம் சொன்னாள். தையல் நாடாவால் அகலத்தை அளந்தாள். முப்பத்திரண்டு. என் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள். "பத்திரமா வச்சுக்க. என் முதல் வழக்கு."

திரும்பும் வழியில் கேபிள் வண்டியில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. கீழே ஊர் முழுக்கக் கூரைகளாகக் கிடந்தது. பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எப்படி?"

"சந்தைக்கு ரெண்டு நாள் முந்தி உன் கோட்டுப் பட்டன் அறுந்து கிடந்துச்சே, யார் தைச்சது?"

என் விரல் தானாகக் கோட்டுப் பட்டனைத் தடவியது.

"உள்பையில பதினேழு அங்குலம் இருந்துச்சு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. உன்னை வரிசைக்கு அனுப்பிட்டு ரெண்டையும் மாத்தி வச்சேன். அப்புறம் மூட்டையை உன் கையில குடுத்துட்டுத் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டே நின்னேன். நீ மாத்தறதுக்குள்ள மணி அடிச்சுடுமோன்னு பயந்தே போயிட்டேன் கிழவா. எவ்வளவு நேரம்!"

"உனக்குப் பதினாலுதான் வேணும்னா உன் மூட்டையிலயே இருந்துச்சே! எதுக்கு இவ்வளவு?"

அவள் லேப்டாப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நானே வாங்கினா பாதிதான் பலிக்கும். இப்ப பன்னெண்டு மணிக்கு, உன் கையால, நீயே மனசாரக் குடுத்தது. முகம் எப்படி ஜொலிச்சுது தெரியுமா உனக்கு? அவ்வளவு சந்தோஷமா நீ எனக்கு எதையும் குடுத்ததே இல்ல."

சபதத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு விஷயமாவது என் கையால் நடந்திருக்கிறது. என் சொல்படி இல்லை, கையால். அதுவும் வெற்றிதான் என்று எனக்குள் வாதாடினேன். வழக்கு என் பக்கம் சாய்ந்தது. நூற்றுப் பதினெட்டுப் படியிலும் அவளுக்கு முன்னால் கம்பீரமாக இறங்கினேன்.

பாதிப் படியில்தான் உறைத்தது. அவள் மாற்றி வைத்தாள் என்றால், மூட்டையிலிருந்து நான் எடுத்தது எது?

அடுத்த மாதம் ஸ்பெயினிலிருந்து தோன் ஹெர்மோஹெனெஸின் மகள் வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் கதவைத் தட்டினார். முகமெல்லாம் பல்.

"உங்க கைராசி, தோன் ஃப்ரோய்லான்! பொண்ணு கொண்டு வந்துட்டா! இன்னிக்கு உங்க அணிக்கும் எங்க அணிக்கும் ஆட்டம். வாங்க, முதல் இடம் உங்களுக்குத்தான்!"

"போயிட்டு வா கிழவா" என்றாள் எதெல்வினா, பதினாலு அங்குலத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நாற்காலி எடுத்துட்டுப் போ. அவர்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

போனேன். புலி அணி நாலு கோல் போட்டது. பதினேழு அங்குலத்தில் நாலும் மிகத் தெளிவாகத் தெரிந்தன.