பெரியவருக்குப் பெரிய வீடு

புதுத் தொட்டி வாசலில் மாட்டிக்கொண்டு உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றபோதுதான், வீட்டுக் கதவை அளக்கவில்லை என்பது ஆடிட்டருக்கு உறைத்தது. ஊர் ஊராகப் போய் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பது அவர் தொழில். சொந்த வீட்டில் அந்த வேலையை வைத்துக்கொள்வதில்லை.

கதவைக் கழற்றச் சொன்னார். தொட்டி உள்ளே வந்தது. கதவு மட்டும் பழையபடி பொருந்தவில்லை. அன்றிலிருந்து அதைச் சாத்தத் தோளைக் கொடுத்து முட்ட வேண்டியிருந்தது.

இத்தனையும் ஒரு மீனுக்காக. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், விரல் நீளம்கூட இருக்காது. கல்யாணமான வருஷம் வாங்கியது. அவர் அதைப் ‘பெரியவர்’ என்றுதான் சொல்வார். அலுவலகத்தில் யாராவது வகையாக மாட்டினால் பெரியவர் புராணம் ஆரம்பித்துவிடும். கடல் மீனை வீட்டில் வளர்ப்பது லேசுப்பட்ட காரியமா, மற்றவர்கள் கையில் ஒரு வருஷம் தாங்குமா, எல்லாம் நம்ம கைராசி என்பார். டூர் கிளம்பும்போது, பாவம் பட்டினி கிடக்கக் கூடாதே என்று கை நிறையத் தீனியை அள்ளித் தொட்டியில் கொட்டிவிட்டுப் போவார்.

“என்னை அதுக்கு நல்லாத் தெரியும். ஊருக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாள் கிட்டவே வராது. யாரோ எவரோன்னு பார்க்கும். அவ்வளவு கோபம்.”

இதைக் கேட்கும்போதெல்லாம் மனைவி தையல் மெஷினில் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வாள். அவளுக்கு மீன் என்றால் ஆகாது என்று அவர் முடிவுகட்டி வெகு காலமாயிற்று.

அப்பேர்ப்பட்ட பெரியவர் இன்னும் சின்னத் தொட்டியில் இருக்கலாமா? பவளம், பாறை, அலையடிக்கும் மோட்டார் எல்லாம் வைத்த பெரிய தொட்டி வந்ததே அதற்குத்தான். அது நிற்கத் தோதான இடம் ஜன்னலோரம். அங்கே இருந்த தையல் மெஷின் பால்கனிக்குப் போயிற்று.

மழை வந்தால் துணி நனையுமே என்றாள். தார்ப்பாய் கட்டினார். அது காற்றில் அடித்துக்கொண்டதில் பூந்தொட்டிகள் இரண்டு கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் மேல் விழுந்தன. அவரைச் சமாதானப்படுத்திவிட்டு மேலே வந்து மோட்டார், விளக்கு, தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின் எல்லாவற்றையும் போட்டார். ஃபியூஸ் போயிற்று. ஃபிரிட்ஜைப் பிடுங்கினார். பால் திரிந்தது. ஃபிரிட்ஜை மறுபடி மாட்டிவிட்டு, பால்கனி இணைப்பைப் பிடுங்கினார். தையல் மெஷின் நின்றது. பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் கைநழுவிப் போனது. அவள் முதல்முதலாகத் தேடிப் பிடித்த பெரிய ஆர்டர் அதுதான்.

தொட்டித் தண்ணீரில் உப்பின் அளவைச் சரிபார்க்க வந்த மீன் கடைக்காரர், ஒரு மாதமாவது இது சும்மா ஓடட்டும், தண்ணீர் பக்குவப்பட்டதும் மீனை விடலாம் என்றார்.

ஆடிட்டர் சிரித்தார். “பெரியவர் எதையும் தாங்குவார். இத்தனை வருஷம் தாங்கலையா?”

கடைக்காரர் அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“ஒரு மாசம்தானே, அவர் சொல்றதைக் கேளுங்களேன்,” என்றாள்.

“உனக்கு எப்போலேர்ந்து அது மேல அக்கறை? இந்த வீட்ல எனக்குத் தொந்தரவு குடுக்காத ஜீவன் அது ஒண்ணுதான்.”

அன்றே மீன் இடம் மாறியது. மறுநாள் அவளும் மாறினாள். அழவில்லை, சண்டை போடவில்லை. வண்டி வரவழைத்து, தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது தொட்டியின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அதில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. பால்கனி காலியானதே, உபரி உப்பு மூட்டைகளை அங்கே அடுக்கலாம் என்றுதான் தோன்றியது.

அந்த வாரமும் டூர் இருந்தது. வழக்கம்போலத் தீனியை அள்ளிக் கொட்டினார். தொட்டி பெரிதாயிற்றே என்று இன்னொரு கையும் சேர்த்துப் போட்டார்.

திரும்பி வந்து தோளால் முட்டிக் கதவைத் திறந்தால் குப்பென்று நாற்றம். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. பவளத்தின் இடுக்கில் பெரியவர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஆடிட்டர் அழுதார். பெண்டாட்டி போனதற்கு வராத அழுகை பொங்கிப் பொங்கி வந்தது.

அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. மீனைப் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் மேஜைமேல் வைத்தார்.

“கல்யாணமான வருஷத்துலேர்ந்து என் கையில உயிரோட இருந்த மீன் இது. உன் தொட்டிக்கு வந்து ஒரு வாரம் தாங்கலை. என்னய்யா தொட்டி விக்கிற?”

கடைக்காரர் பையைப் பார்த்தார். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

“அம்மா வரலையா சார்? எப்பவும் நீங்க ஊர்லேர்ந்து வர்றதுக்கு முன்னாடி, அதே சைஸ்ல ஒண்ணு தேடி எடுத்துட்டுப் போறது அவங்கதானே?”