உருக்கியாரின் பல்சக்கரம்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் உருகக்கூடிய எந்தச் சாமானும் உருக்கியாரின் கண்ணில் பட்ட பிறகு பழைய உருவத்தில் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. கதவுப் பிடி, கேத்தில் மூடி, சைக்கிள் மணி எல்லாம் அவருடைய உலையில் விழுந்துதான் மோட்சம் போயின. அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் கொடுப்பவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். பகலில் துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிறேன் ஓட்டுவார். வீட்டுக்கு வந்தால் உருக்குவார். அடுத்த வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த எனக்குப் புகை இலவசம்.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது கழித்துப் போட்ட ஒரு லேத் மெசினை மனுஷன் எப்படியோ வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இரும்பைக் கடைகிற யந்திரம். தையல் மெசின் போலக் காலால் மிதித்து ஓட்டுகிற சாதி. அந்தக் கனத்தைத் தாங்கக்கூடிய சீமெந்துத் தரை வீட்டில் குசினிக்கு மட்டுந்தான் இருந்தது. ஆகவே மெசின் குசினிக்குள் போனது. அவருடைய மனைவி ரோசம்மா அக்கா அடுப்போடு முற்றத்துக்குப் போனார். அவ்வளவு ஆர்ப்பாட்டமாக வந்த மெசின் அசையவே இல்லை. உள்ளே ஒரு பல்சக்கரம் இரண்டாகப் பிளந்திருந்தது. அப்படியொரு சக்கரம் இப்போது இங்கிலாந்திலேயே கிடையாதாம்.

"இல்லாட்டி என்ன, நானே உருக்கி வார்ப்பன்!" என்றார் உருக்கியார்.

"வார்த்துப் பாருங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்ல," என்றார் அக்கா. "மாரி துவங்க முன்னம் இது ஓடவேணும். ஓடினால் பின்னுக்கு ஒரு கொட்டில் போட்டு வைச்சு ஆசை தீர வேலை செய்யுங்கோ. ஓடாட்டி கிண்ணியாக் காக்காவைக் கூப்பிட்டுப் பழைய இரும்புக்குக் குடுத்துப்போடுவன். குடை பிடிச்சுக்கொண்டு சோறு காய்ச்ச என்னால ஏலாது."

காக்கா என்றால் கிண்ணியாவிலிருந்து வரும் பழைய இரும்பு வியாபாரி; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அக்கா சொன்னால் செய்வார். உருக்கியாருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

உலை என்பது களிமண் பூசிய ஒரு எண்ணெய்ப் பீப்பாய். அதற்குள் சிரட்டைக்கரி. காற்றடிக்க, கவிழ்த்து வைத்த சைக்கிளில் ஒரு விசிறி. பெடலைச் சுற்ற ஆள் வேண்டுமே! அந்த வளவுக்குள் கால் வைத்தவன் சுற்றாமல் வெளியே போனதில்லை. பூசை நேரத்தில் புகை கோயிலுக்குள் வருகிறது என்று கண்டிக்க வந்த கத்தோலிக்கச் சுவாமியார்கூடத் தப்பவில்லை.

"சுவாமி, வந்தனீங்கள், ஒருக்காச் சுத்துங்கோ. கை விட்டால் சூடு இறங்கிப்போம்!"

வெள்ளை அங்கியோடு வந்த சுவாமியார் சாம்பல் நிறத்தில் திரும்பிப் போனார்.

முதல் வார்ப்பில் கடலோரத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய பிழையைச் செய்தார். வாசலுக்கு எதிரே கடற்கரை இருக்க, மண்ணுக்கு எங்கே போவது? ஈரம் சொட்டச் சொட்ட அள்ளிவந்த மணலில் அச்சுப் பதித்து, உருக்கிய அலுமினியத்தை ஊற்றினார். டமார்! ஆவி கிளம்பி, கூரைக் கிடுகில் ஓட்டை விழுந்தது. நான் வேலிக்கு மேலால் பாய்ந்தேன். அப்படிப் பாய எனக்குத் தெரியும் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு கிளிவெட்டி வயல் களிமண்ணைக் காயவைத்து, இடித்து, அரித்து, ஆற்றுமணலோடு பிசைந்தார். பிட்டுக்கு மாக் குழைக்கிற பதம். உடைந்த சக்கரத்தையே கம்பியால் கட்டி அச்சுக்கு வைத்தார். இந்தமுறை சக்கரம் பிறந்துவிட்டது! தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினார். மெசினில் மாட்டினால் பற்கள் ஒன்றையொன்று தொடவேயில்லை. சக்கரம் ஒரு சுற்றுச் சிறுத்துப் போயிருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். "கேக் போட்டாலும் சூட்டில தட்டு நிறைய நிக்கும், ஆறினால் ஓரம் விட்டுப்போம். அதுமாதிரித்தான் இதுவும். அச்சைக் கொஞ்சம் பெரிசா வெட்டுங்கோவன்."

 உருக்கியார் உடனே பலகையில் பெரிதாக ஒரு அச்சு வெட்டினார். வார்த்த சக்கரம் அளவாகப் பொருந்தியது. மிதித்ததும் பற்கள் வாழைப்பழம் போல நசுங்கின.

"சட்டி பானை உருக்கின அலுமினியம் மெத்து," என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எஞ்சின் பிஸ்டனை உருக்கி வார்த்தால் கல்லு மாதிரி நிக்கும். அதுக்கு நான் எங்க போவன்?"

வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டது. கப்பல்களுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் காலை படலையடியில் கிரீச், கிரீச் என்று ஒரு தள்ளுவண்டி. பழைய இரும்பு வாங்கும் கிண்ணியாக் காக்கா!

"தங்கச்சி, மெசினை ஏத்தட்டா?"

உருக்கியார் செத்த வீட்டு முகத்தோடு வெளியே வந்தவர், வண்டியைப் பார்த்ததும் துள்ளினார். அதற்குள், வேறு பழைய சாமான்களோடு, ஒரு லொறி எஞ்சினின் பிஸ்டன்கள் கிடந்தன.

"காக்கா! இதுகளை எனக்குத் தாங்கோ!"

"நான் எடுக்க வந்தவன் மாஸ்டர், குடுக்க வரல்ல."

உருக்கியார் அக்காவைப் பார்த்தார். அக்கா வானத்தைப் பார்த்தார். முதல் துளிகள் விழத் தொடங்கியிருந்தன. அடுப்பில் சோறு பாதி வெந்து கிடந்தது.

"காக்கா, முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ. இந்தப் பிஸ்டனுகளை இவருக்குக் குடுங்கோ. இண்டைக்குப் பொழுதுபட முன்னம் மெசின் ஓடாட்டி எல்லாத்தையும் சேத்துக் கொண்டுபோங்கோ," என்றார் அக்கா.

தேத்தண்ணி குடித்த காக்காவைச் சைக்கிள் பெடலில் இருத்திவிட்டார் உருக்கியார். காக்கா சுற்றினார், பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தும் சுற்றினார். உலைக்கு மேலே தகரம் பிடித்து நனைந்தவன் நான். அக்கா முற்றத்து அடுப்பைப் பாதிச் சோற்றோடு மழைக்கு விட்டுவிட்டு, அச்சுப் பெட்டிக்குக் குடை பிடித்தார். உலோகம் சத்தமில்லாமல் இறங்கியது.

ஆறியதும் உருக்கியார் அச்சை உடைத்துச் சக்கரத்தை எடுத்து, அரத்தால் அராவி, பொழுதுபடும் முன்னரே மாட்டினார். ஆனால் மிதிக்காமல், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்கோ," என்றார் அக்கா. அவர் தையல் மெசினில் ஊருக்கே சட்டை தைத்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தார். சக்கரம் சுழன்றது! பல்லோடு பல் கடித்து, கடகடவென்று முழு மெசினும் ஓடியது. அக்கா மிதிக்க மிதிக்க, உருக்கியார் கடைந்த முதல் சாமான், காக்காவின் கிரீச்சிடும் வண்டிச் சில்லின் நடுவில் பொருத்த ஒரு புஷ் வளையம். பிஸ்டன்களுக்கு அதுவே விலை. காக்கா மெசின் ஏறாத வண்டியைத் தள்ளிக்கொண்டு, மழையில் சிரித்தபடி போனார்.

"கொட்டிலைப் பெரிசாப் போடுங்கோ," என்றார் அக்கா, மிதிப்பதை நிறுத்தாமல். "எனக்கும் இருந்து மிதிக்க ஒரு கதிரை வைக்கவேணும்."

 உருக்கியார் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த இரும்பை மெசினில் பூட்டினார். அன்று அந்தக் குசினி வாசலில் நனைந்துபோய் நின்று கை தட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு இன்றைக்கும் சரியான பெருமை.