குழுத் தலைவர் காலடியில் சுழல்

தூத்துக்குடி,
வியாழக்கிழமை.

பாசமுள்ள கிளைட்டன் அண்ணனுக்கு, தங்கை ஜீவமணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். சேலை மட்டும் இன்னும் காயவில்லை. மதினியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நாசரேத்தில் உங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக வரச்சொல்லி நீங்கள் பதினோரு வருஷமாகக் கேட்கிறீர்கள். சம்மதம். திங்கட்கிழமையே வருகிறேன். காரணத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது.

நான் கல்லூரியில் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஓடுகிற தண்ணீர் ஏன் திடீரென்று ஒழுங்கு தப்பிச் சுழல்கிறது என்று கண்ணாடித் தொட்டியில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். ஆகவே ஆய்வுக்கூடத்தை மூடலாமா என்று முடிவுசெய்ய நேற்று காலை மூன்று பேர் குழு வந்தது. தலைவர் வன்னியபெருமாள் சார், ஓய்வுபெற்ற பேராசிரியர், அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தண்ணீரின் ஓட்டம் கண்ணுக்குத் தெரிய மினுங்குகிற பொடி கலக்கணும். வெளிநாட்டுப் பொடி வந்து சேரவில்லை. அதனால் முந்தின நாளே கீழவைப்பார் கடற்கரையில் பழைய முத்துச்சிப்பி ஓடுகளைக் கேட்டு வாங்கி மிக்ஸியில் அரைத்து (மிக்ஸி போச்சு) சலித்துக் கலந்தால், ஐயோ அண்ணே, தொட்டி முழுக்க முத்து நிறம்! அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே பம்பு நின்னுபோச்சு. போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிற ரெக்சனைக் கூப்பிட்டேன். ஏதோ ஒரு போட்டிலே கழற்றின பம்பை மாட்டிட்டு, "டீச்சர், இது கடலையே இறைக்கும், பயப்படாதீங்க"ன்னான். அதுக்குத்தானே பயந்தேன். குழு உள்ள வருது, நான் சுவிட்சைப் போடுதேன், தொட்டி ஒருதரம் முனங்குச்சு, கண்ணாடியை ஒட்டியிருந்த பசை விட்டுச்சு, அம்புட்டுத் தண்ணியும் எங்களைத் தள்ளிக்கிட்டு வராந்தாவுக்குப் பாயுது! ரெண்டு பேரு பெஞ்சு மேல ஏறிட்டாங்க. தலைவர் மட்டும் கணுக்கால் அளவு தண்ணியில அசையாம நிக்காரு. எனக்கு உசுரே இல்ல. குனிஞ்சு பார்க்காரு. அவரு காலைத் தாண்டிப் போற தண்ணியில, இடம் ஒண்ணு வலம் ஒண்ணுன்னு, மினுமினுன்னு சுழல் வரிசையாப் பிறந்து பிறந்து போகுது! "ஏம்மா, ஒரு காலைத் தூக்கட்டுமா?"ங்காரு. "தூக்குங்க சார், மெதுவா!"ங்கேன். பேண்டைச் சுருட்டிட்டு ஒத்தைக் கால்ல நின்னு சிரிக்காரு அண்ணே! பெஞ்சுல நின்னவங்களும் ஷூவைக் கழத்திட்டு இறங்கி, "என் காலைப் பாருங்க, என் காலைப் பாருங்க"ன்னு ஒரே கூப்பாடு. தண்ணி வடியுற வரைக்கும் நாலு பேரும் கொக்கு மாதிரி நின்னோம்.

அப்பதான் எங்க கல்லூரி முதல்வர் தனராஜ் சார் வந்தாரு. வராந்தாக் கடைசியில இருக்கிற அவரு ரூமுக்குள்ளயும் சுழல் போயிருக்கு. அவரு ரசிக்கல. "மேடம், இதோட போதும், லேபைப் பூட்டிருங்க"ன்னாரு.

ஆகவே வருகிறேன். உங்களையும் மதினியையும் பிள்ளைகளையும் ஆண்டவர் மேடான இடத்தில் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
நனைந்த தங்கை,
ஜீவமணி.

பி.கு.: கவரை ஒட்டும்போது வன்னியபெருமாள் சார் போன் பண்ணினார். ஆய்வுக்கூடத்தை மூடக் கூடாது, வராந்தாவையும் சேர்த்துக் கொடுக்கணும்னு எழுதியாச்சாம். தனராஜ் சாருக்கு மாடியில வேற ரூம். நான் வரல அண்ணே. திங்கட்கிழமை நீங்க இங்கன வாங்க. உங்க கெண்டைக்கால் நல்ல தடிமன், சுழல் பெருசா வரும்.