அந்தமானுக்குப் போன மாமன் சீர்

உறைக்காக மட்டுமே பொருள் வாங்கிய மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் அரியலூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் என்னுடன் ஒரே அறையில் குடியிருந்தார். மக்காச்சோள விதையும் பருத்தி விதையும் விற்றுக்கொண்டு நான் ஊர் ஊராக அலைந்த தொண்ணூறுகளின் கடைசி அது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் லாட்ஜ் முதலாளி முதல் தபால்காரர் வரை எல்லாருக்கும் அவர் கூப்பன் அண்ணன்தான்.

டீத்தூள் வாங்குவார். உறையில் உள்ள போட்டிக் கூப்பனைக் கத்தரித்துக்கொண்டு தூளை எங்கள் தலையில் கட்டிவிடுவார். சோப்பும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அரியலூரிலேயே சுத்தமான ஆண்கள் எங்கள் லாட்ஜில்தான் இருந்தார்கள். ஒருமுறை ஏதோ போட்டிக்காகக் குழந்தைகளுக்கான பால் பவுடர் டின்களை வாங்கிக் குவித்துவிட்டார். மீசை முளைத்த பிரம்மச்சாரிகள் எல்லாரும் ஒரு மாதம் காலையும் மாலையும் அதைக் கரைத்துக் குடித்தோம். லாட்ஜ் மானேஜர் கன்னம் இரண்டும் உப்பி, பார்ப்பதற்குக் காலண்டர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார்.

அண்ணனுக்குப் பிழைப்பு, சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடையில் வேலை. அந்தத் தொழில் அவர் கண்ணில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாணத்துக்குப் போனால் மணமகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்ல பையன் தம்பி. காலி வண்டியே எழுவத்தஞ்சு கிலோ இருக்கும்" என்பார்.

போட்டிகளில் அவருக்கு முதல் பரிசு விழுந்ததே இல்லை. விழுந்ததெல்லாம் ஆறுதல் பரிசுதான். பிளாஸ்டிக் வாளி, டார்ச் லைட், சுவர்க் கடிகாரம், எவர்சில்வர் கரண்டி. ஒவ்வொன்றிலும் 'இலவசம், விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும். அந்த எழுத்து அழிந்துவிடக் கூடாதென்று கரண்டியைத் தேய்த்துக்கூடக் கழுவமாட்டார்.

இந்த ஆறுதல் பரிசுகள்தான் அவருக்கு வினையாக வந்தன.

அண்ணனுக்கு உறவென்று சொல்ல ஒரே தங்கை, செல்வி. அரும்பாவூரில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை சின்ன வெங்காயம் போடுகிற சம்சாரி. நல்ல மனிதர், ஆனால் ரோஷத்தை மீசையிலேயே வைத்திருப்பவர். செல்விக்குப் பெண் குழந்தை பிறந்து தொட்டில் போடும் விசேஷத்துக்கு, தாய்மாமன் என்ற முறையில் கூப்பன் அண்ணன் சீர் கொண்டு போனார். மேளம் முன்னால் போக, லாட்ஜ் ஆட்கள் ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். தட்டுகளை மூடியிருந்த துணியை விலக்கியபோது அரும்பாவூரே எட்டிப் பார்த்தது. ஒரு தட்டில் வாளி. ஒன்றில் டார்ச். ஒன்றில் கடிகாரம். நான் சுமந்துபோன தட்டில் நீலநிற சோப்பு டப்பா ஒன்று. எல்லாவற்றிலும் 'விற்பனைக்கு அல்ல'.

பங்காளி வீட்டுக் கிழவர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். பந்தலே சிரித்தது. மாப்பிள்ளையின் மீசை துடித்தது.

"என் வூட்டு விசேஷத்துக்குச் சோப்பு டப்பாவ சீரா தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"மாப்ள, அது வந்துங்க..."

"ஒண்ணும் வர வேண்டாம். எடுத்துட்டுப் போங்க!"

தட்டெல்லாம் அப்படியே திரும்பின. மேளக்காரர் மட்டும் சூழ்நிலை புரியாமல், திரும்பி வரும்போதும் வாசித்துக்கொண்டே வந்தார்.

அன்றோடு மாப்பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டார். முதலைக்கும் மூர்க்கனுக்கும் கொண்டது விடாது என்பார்கள். ஆனால் செல்வியும் அந்த அண்ணனுக்குத் தங்கைதானே. "எங்கண்ணன் மடியில உக்கார வச்சுத்தான் எம்புள்ளைக்குக் காது குத்துவேன். இல்லன்னா மூளிக் காதோடவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவர் அழைக்கமாட்டார், இவள் குத்தவிடமாட்டாள். காது குத்துவது ஒற்றைப்படை வயதில்தான்; ஒன்று போயிற்று, மூன்றும் போயிற்று. பாப்பாவுக்கு ஐந்தும் வந்துவிட்டது. ஊரில் மற்ற பிள்ளைகள் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு திரிய, இவள் மட்டும் வெறுங்காதோடு பள்ளிக்கூடம் போனாள். அதைச் சொல்லும்போதெல்லாம் கூப்பன் அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். அந்த மடி காலியாகக் கிடந்ததுதான் அவருடைய ஒரே துக்கம்.

அப்போதுதான் அந்த டீத்தூள் போட்டி வந்தது. 'எங்கள் டீயை ஏன் விரும்புகிறீர்கள்? பத்துச் சொற்களுக்கு மிகாமல் எழுதவும்.' அண்ணன் மூன்று நாள் யோசித்து எழுதினார்: 'கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையும் திரும்பி வந்து குடிக்கும் டீ.'

விழுந்தது முதல் பரிசு! அந்தமான் பக்கத்தில் ஒரு குட்டித் தீவில், கடற்கரை விடுதியில், குடும்பத்தோடு விடுமுறை. சென்னையிலிருந்து விமானம். குடும்பத்தார் ஐந்து பேர் போகலாம்.

லாட்ஜில் அன்று மாலைக்குள் அவருக்கு இருபது தம்பிகள் பிறந்துவிட்டார்கள். மெஸ் நடத்திய அம்மா, "உன்னையப் பெத்த தாயி மாதிரி சோறு போடுறேனா இல்லையா?" என்று மிரட்டினார். கன்னம் உப்பிய மானேஜர் தன்னைக் கைக்குழந்தைக் கணக்கில் சேர்க்கலாமா என்று விசாரித்தார். அண்ணனோ ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்து, நடுவில் கம்பெனிக் கடிதத்தை வைத்தார். என்னையும் இழுத்துக்கொண்டு அரும்பாவூர் பஸ் ஏறிவிட்டார்.

மாப்பிள்ளை வாசலில் நின்று கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதுவும் விற்பனைக்கு அல்லதானே சார்?" என்றார்.

"ஆமா மாப்ள, வித்தா செல்லாதாம்" என்றார் அண்ணன் வெள்ளந்தியாக.

"வெங்காயம் அறுவடைக்கு நிக்குது. நான் வரலன்னு சொல்லிடுங்க சார்."

செல்வி உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் ஒரு பையோடும் பாப்பாவோடும் வெளியே வந்தாள். "ஏங்க, நானும் புள்ளயும் போயிட்டு வரோம். நீங்க வெங்காயத்தோட இருங்க."

மாப்பிள்ளை வந்தார். வந்தாலும் மச்சானோடு பேசமாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்தார். ஐந்தாவது ஆளாக என்னை ஏன் சேர்த்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குச் சொல்ல ஆள் வேண்டுமே!

மீனம்பாக்கத்தில் விமானத்தைப் பார்த்ததும் அண்ணன் குனிந்து அதன் சக்கரத்தை ஆராய்ந்தார். "டயரப் பாரு தம்பி. ஓவர்லோடு." உள்ளே ஏறியதும் பணிப்பெண்ணிடம், "இந்த டிக்கெட்டுல சுரண்டிப் பாக்குற எடம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். கொடுத்த சர்க்கரைப் பொட்டலம், காதுப் பஞ்சு, மிட்டாய் எல்லாம் அவருடைய மஞ்சள் பைக்குள் போயின. பைக்குள் அந்தப் பழைய நீலநிற சோப்பு டப்பாவும் கிடந்தது.

"அண்ணே, அங்க சோப்பு அவங்களே தருவாங்க. இத ஏன் சுமக்குறீங்க?"

"இருக்கட்டும் தம்பி" என்று பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

தீவு அழகென்றால் அப்படியொரு அழகு. கண்ணாடி மாதிரி தண்ணீர், வெள்ளை மணல், தென்னைக்கு அடியில் நாற்காலிகள். நாங்கள் மூவரும் உட்காருவோம், நடுவில் நான்.

"சார், அவருக்கு இன்னொரு இளநி வேணுமான்னு கேளுங்க."

"அண்ணே, மாப்ள கேக்குறாரு, இன்னொரு..."

"கேட்டுச்சு தம்பி. போதும்னு சொல்லு."

"போதுமாம்."

"கேட்டுச்சு சார்."

ஒரு முழ இடைவெளிக்கு நான் மொழிபெயர்ப்பாளன். சாப்பாட்டில் வட்டம் வட்டமாக நறுக்கிய பெரிய வெங்காயத்தைப் பார்த்து மாப்பிள்ளை கொதித்துப்போனார். "இதெல்லாம் ஒரு வெங்காயமா சார்?" ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு பை சின்ன வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போனார். அன்று இரவு அந்த விடுதியின் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் வெங்காயக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு மூக்கை உறிஞ்சினார்கள்.

மறுநாள் மாலை விடுதியில் குடும்ப விளையாட்டுகள் வைத்தார்கள். போட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். மூன்று கால் ஓட்டம். இரண்டு பேரின் காலைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள், அப்படியே ஓட வேண்டும். யார் யார் ஓடுவது என்பதை வீட்டுக் குழந்தைதான் கைகாட்ட வேண்டுமாம்.

பாப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மாமாவும் அப்பாவும்!"

இருவர் முகமும் வேப்பங்கொழுந்து தின்ற மாதிரி ஆயிற்று. ஆனால் சுற்றிலும் பம்பாய்க்காரர்களும் கல்கத்தாக்காரர்களும் வேடிக்கை பார்க்கிறார்கள். ரோஷக்காரர் பின்வாங்க முடியுமா? கட்டிவிட்டார்கள். விசில் ஊதினார்கள். நான் எல்லைக் கோட்டில் நின்றேன்.

அங்கிருந்து மாப்பிள்ளை கத்தினார். "சார்! அவரக் கட்டுன கால மொதல்ல வைக்கச் சொல்லுங்க!"

"அண்ணே! கட்டுன கால மொதல்ல..." என்று நான் கத்துவதற்குள் இருவரும் மணலில் குப்புற விழுந்திருந்தார்கள். எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் ஓடி முடித்து, பரிசு வாங்கி, ஜூஸும் குடித்தாகிவிட்டது. இவர்கள் இன்னும் பாதி தூரம் வரவில்லை. பாப்பா ஓரமாகக் குதித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வாயிலிருந்த மணலைத் துப்பினார். ஐந்து வருடத்துப் பிடிவாதமும் அதோடு சேர்ந்து வெளியே வந்தது.

"மச்சான்! என் தோளப் புடிங்க! கட்டுன காலு... இப்ப வெளிக் காலு... கட்டுன காலு..."

"இந்தா வந்துட்டேன் மாப்ள!"

எடுத்தார்கள் பாருங்கள் ஓட்டம்! கோட்டைத் தாண்டினார்கள், என்னைத் தாண்டினார்கள். நிற்கத் தெரியாமல் கடலுக்குள்ளும் போனார்கள். ஓர் அலை வந்து இருவரையும் உருட்டிக் கரையில் போட்டது. விடுதியே எழுந்து நின்று கைதட்டியது. ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி.

மாப்பிள்ளை அந்த வாளியை யாரிடமும் கொடுக்கவில்லை. நனைந்த வேட்டியோடு அதை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். "மச்சான், இது நாம ஜெயிச்சதுல்ல?" என்று நாலு முறை கேட்டார். பிறகு குரல் இறங்கியது. "ஏன் மச்சான், அன்னிக்கு ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"காசு குடுத்தா யாரு வேணாலும் வாங்கலாம் மாப்ள. அதெல்லாம் நான் ஜெயிச்சது. என் வாழ்க்கையில ஜெயிச்ச அத்தனையும் புள்ளைக்குக் குடுத்துப்புடணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு மஞ்சள் பையைத் திறந்து சோப்பு டப்பாவை நீட்டினார். "இதுவும் அன்னிக்குத் தட்டுல இருந்துச்சு. நீங்க தொறந்து பாக்கல."

மாப்பிள்ளை திறந்தார். பஞ்சுக்கு நடுவில் ஒரு ஜோடி தங்கத் தோடு மின்னியது. அந்தத் தட்டைச் சுமந்தவன் நான்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன மச்சான்?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க எங்க விட்டீங்க? அப்புறம் சொன்னா, தங்கத்தக் காட்டி வூட்டுக்குள்ள நொழைஞ்ச மாதிரி ஆயிடும். அதான் விட்டுட்டேன்."

மாப்பிள்ளை டப்பாவை மூடி வாளிக்குள் பத்திரமாக வைத்தார். பிறகு திரும்பி, "செல்வி! மொட்டைய குலதெய்வத்துக்கு ஊருல போட்டுக்கலாம். காது இங்கயே குத்திடலாம்" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

விடுதித் தோட்டக்காரர் நம் ராமநாதபுரம் பக்கத்து ஆள். விடிந்ததும் முதல் படகில் போய் போர்ட் பிளேரிலிருந்து ஒரு தமிழ் ஆசாரியைக் கூட்டி வந்துவிட்டார். தென்னைமரத்தடியில் கோலம், தேங்காய், பழம். வெள்ளைக்காரர்கள் காமிராவோடு சுற்றி நிற்க, கூப்பன் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாப்பாவை மாப்பிள்ளையே தூக்கிவந்து அந்த மடியில் வைத்தார். "பாத்துப் புடிச்சுக்குங்க மச்சான்."

"பதினஞ்சு கிலோ இருக்கா மாப்ள" என்றார் அண்ணன். ஆசாரி ஊசியை எடுத்தார். பாப்பா ஒரே ஒரு முறைதான் கத்தினாள். அண்ணன்தான் விடாமல் அழுதார். கடைசியில் பாப்பா தன் வாயிலிருந்த மிட்டாயை எடுத்து அவர் வாயில் போட்டு அவரை அடக்க வேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது விமானத்தில் மாப்பிள்ளை வாளியை மடியை விட்டு இறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி, வேலை மாறி, பெரம்பலூரில் குடியேறி, ஒரு பெண்ணும் பிறந்தாள். என் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, யார் மடியில் வைப்பது என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. வெற்றிலை பாக்கோடு முதல் பஸ்ஸைப் பிடித்து நான் நேராக எடைமேடைக்குப் போனேன்.