பட்டியலாரும் அக்காவின் ஆறு வாரமும்

புலியைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டும். பட்டியலாரைப் பார்க்க எங்கும் போக வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருப்பார். உங்கள் மச்சினன்களில் நிச்சயம் ஒருவர் இருப்பார். அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கேம் ஆடுவதற்கென்றே தன் கையால் ஒரு கம்ப்யூட்டர் கட்டப்போவதாகச் சொல்வார். கடையில் கட்டிவைத்து விற்பதை வாங்கமாட்டார். அது விவரம் தெரியாதவர்கள் செய்கிற காரியம். பிராசஸர் தனியாக, மதர்போர்டு தனியாக, ராம் தனியாக, கேம் படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு தனியாக என்று ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டுப் பொறுக்கியெடுத்துத் தானே பொருத்துவார். எப்போது? அதை மட்டும் கேட்காதீர்கள். மனிதருக்குக் கோபம் வந்துவிடும்.

எனக்கு வாய்த்த பட்டியலார் நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே இருக்கிறார். நான் பின்னறையில் லென்ஸ் அறுக்கிறவன். அவர் முன்னறையில் கண் பரிசோதிக்கிறவர். வேலையில் ஆள் கில்லாடி. "இது தெளிவா, இல்ல இது தெளிவா? முதலாவதா, ரெண்டாவதா?" என்று சட்டுச் சட்டென்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டு, பத்தே நிமிடத்தில் எப்பேர்ப்பட்ட ஆளையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிடுவார். பிரேம்கள் முன்னால் நின்று தவிக்கிறவர்களிடம், "ரொம்ப யோசிச்சா எல்லாமே ஒண்ணு மாதிரிதாங்க தெரியும், பிடிச்சதை எடுங்க" என்பார். எடுத்துவிடுவார்கள். உபதேசமெல்லாம் ஊருக்குத்தானே?

அவருடைய பட்டியல் செல்போனில் இருக்கிறது. அது எப்படி வளர்கிறது என்கிறீர்கள்? அளவான கார்டு ஒன்றில்தான் தொடங்குவார். இன்னும் கொஞ்சம் போட்டால் அதைவிட நல்ல கார்டு. நல்ல கார்டு மின்சாரம் அதிகம் குடிக்கும், ஆகவே பெரிய பவர் சப்ளை. பெரிய பவர் சப்ளை சின்னக் கேபினெட்டில் நுழையாது, ஆகவே பெரிய கேபினெட். அவ்வளவு பெரிய கேபினெட்டில் மூன்றே விசிறி சுற்றினால் நாலு பேர் சிரிப்பார்கள், ஆகவே ஆறு விசிறி. இத்தனையும் போட்டுவிட்டுப் பிராசஸரில் போய்க் கஞ்சத்தனம் பண்ணுவதா என்று அதையும் ஏற்றி, சன்னியாசி பூனை வளர்த்த கதையாகக் கல்யாண மேடை வரைக்கும் வந்து நின்றபிறகுதான் கூட்டிப் பார்ப்பார். தலை சுற்றும். எல்லாவற்றையும் அழிப்பார். மறுபடி அளவான கார்டு.

இப்படி மூன்று வருடம்.

"எடுத்துடலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "அவசரப்படாதீங்க, ரெண்டு மாசத்துல புதுசு வருது" என்பார். புதிது வரும். "இப்பத்தானே வந்திருக்கு, விலை இறங்கட்டும்" என்பார். இறங்கும். "இறங்கிடுச்சுன்னா என்ன அர்த்தம்? அடுத்தது வரப்போகுதுன்னு அர்த்தம்" என்பார். இந்த வாதத்தில் ஓட்டை இருந்தால் நீங்கள் கண்டுபிடியுங்கள், என்னால் முடியவில்லை.

வீட்டில் ஒரு மேசை மட்டும் மூன்று வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. வெறும் மேசையை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? அவர் மனைவி துவைத்த துணியை அதில் மடித்து வைக்க ஆரம்பித்தார். முதலில் ஓர் ஓரமாகத்தான் வைத்தார். இப்போது வீட்டில் யாரைக் கேட்டாலும் அதற்குத் துணி மேசை என்றுதான் பெயர். அந்த அம்மாளுக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. எந்தக் கடிதம் எந்தப் பொந்துக்கு என்பதை ஒரு பார்வையில் தீர்மானிக்கிறவர். அவருக்கு வாய்த்த புருஷனைப் பாருங்கள்.

நிலைமை இப்படி இருக்கையில்தான், ஒரு நாள் டீ குடிக்கும் நேரத்தில் பட்டியலாரின் அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா வேறு ஊரில் பஸ் ஓட்டுகிறார். குரலே ஹாரன் மாதிரி இருக்கும். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது.

"டேய், படிக்கட்டுல வழுக்கிக் கணுக்காலு முறிஞ்சுபோச்சு. ஆறு வாரம் கட்டு. வண்டியைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க."

"ஐயையோ, என்னக்கா!"

"அதை விடு. கேம் ஆடுற கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிட்டேன்."

"எந்தக் கார்டு?" கணுக்கால் அதற்குள் மறந்துபோனது.

"யாருக்குத் தெரியும்? இந்த கேம் நல்லா ஓடணும், விலையைக் கேட்டு உங்க அத்தான் மயங்கி விழக்கூடாது, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு குடுங்கன்னு கடைக்காரர்கிட்டச் சொன்னேன், குடுத்துட்டாரு. கேளுடா. மலைமேல லாரி ஓட்டுற கேம். ரெண்டு பேர் வேணும். நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காந்து போர்டைப் படிச்சு வழி சொல்லு. சின்ன வயசுல ஒரே மெஷின்ல தோள் இடிச்சுக்கிட்டு ஆடினோமே, ஞாபகம் இருக்கா? ஆறு வாரம்தான். அதுக்கப்புறம் ஸ்டியரிங்கைப் பிடிச்சேன்னா தலை சொறியக்கூட நேரம் கிடைக்காது. சீக்கிரம் மெஷினைக் கட்டு."

போனை வைத்ததும் பட்டியலார் பட்டியலைத் திறந்தார். அக்கா என்றால் அவருக்கு உயிர். இது எனக்குத் தெரியும். இந்த முறை மனிதர் கட்டிவிடுவார் என்று நான் மனதார நம்பினேன்.

முதல் வாரம் கார்டு பார்த்தார். இரண்டாம் வாரம் கேபினெட் கறுப்பா வெள்ளையா என்று பார்த்தார். மூன்றாம் வாரம் விசிறியின் சத்தம் எவ்வளவு என்று, கையுறை போட்டுக்கொண்டு பெட்டி பிரிக்கிறவர்களின் வீடியோக்களைக் காதில் கருவி மாட்டிக்கொண்டு கேட்டார். நான்காம் வாரம், பிராசஸர் தலையில் சூடு தணிக்கத் தடவுகிற பசையைப் பட்டாணி அளவு வைப்பதா, கோடாக இழுப்பதா என்று முகம் தெரியாத யாரோ ஒருவருடன் இணையத்தில் நான்கு நாள் சண்டை போட்டார். இன்னும் பசையும் வாங்கவில்லை, அதைத் தடவப் பிராசஸரும் வாங்கவில்லை. அங்கே அக்காவின் கால் கட்டின் மேல் அத்தான் பூப்போட்ட ஓவியமே வரைந்து முடித்துவிட்டாராம்.

ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் அவர் மனைவி பொறுமையிழந்தார். புருஷனை நாற்காலியில் உட்காரவைத்து, செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினார்.

"முதலாவதா, ரெண்டாவதா?"

"இரு, இதுல என்ன வித்தியாசம்னா..."

"வித்தியாசம் கேக்கலை. முதலாவதா, ரெண்டாவதா?"

"ரெ... ரெண்டாவது."

"அடுத்தது. இதுவா, அதுவா?"

ஏழு நிமிடம். மூன்று வருடப் பட்டியல் ஏழே நிமிடத்தில் முடிந்து ஆர்டரும் போய்விட்டது. பட்டியலார் கண் பரிசோதனை முடிந்தவர்போல இமைகளைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

பெட்டிகள் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் கூப்பிட்டார். கூப்பிடாமல்? என் வீட்டில் இரண்டு வருடமாக நானே கட்டிய மெஷின் ஒன்று ஓடுகிறது, அனுபவஸ்தன். துணிமணிகள் கட்டிலுக்கு இடம் பெயர்ந்தன. அவர் பொருத்தினார், நான் டார்ச் பிடித்தேன், ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன், கடைசியில் மானிட்டர் வயரைப் பின்பக்கம் செருகிவிட்டேன். ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. அதை இருவரும் பார்க்காததுபோல் இருந்தோம். பட்டனை அழுத்தினார். ஆறு விசிறியும் சுற்றின, ஏழு நிற விளக்கும் எரிந்தன, திரையில் படம் வந்தது.

"பாத்தீங்களா வித்தியாசத்தை?"

எதற்கும் எதற்கும் வித்தியாசம் என்று எனக்கும் அவர் மனைவிக்கும் தெரியவில்லை. முன்பு இருந்தது துணிதானே? இருந்தாலும் நான், "அடேயப்பா, கண்ணைப் பறிக்குது" என்றேன். கூச்சமில்லாமல் சொன்னேன்.

அன்று மாலையே அக்காவும் தம்பியும் அவரவர் வீட்டிலிருந்தே இணையம் வழியாக லாரி ஏறினார்கள். மூன்றாவது வளைவில் லாரி பள்ளத்தில் விழுந்தது. திங்கள் விழுந்தது. செவ்வாய் இரண்டு முறை விழுந்தது. திரையில் மலை விக்கி விக்கி நகர்ந்தது. பனியில் அறிவிப்புப் பலகைகள் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தன.

"போர்டுல என்னடா எழுதியிருக்கு? படி!"

"ஏதோ... வெள்ளையா இருக்குக்கா."

"வெள்ளையாவா? எனக்கு எழுத்து எழுத்தா தெரியுதே! ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுற, உன் கண்ணாடியைத் துடைக்கக்கூடாதா?"

பட்டியலார் விட்டுக்கொடுப்பாரா? "உன் கடை மெஷின்தான் என் மெஷினைப் பின்னால இழுக்குது" என்றார். கேம் எழுதியவர்களைத் திட்டினார். புதன்கிழமை கடையில் என்னிடம் செல்போனை நீட்டினார். புதுப் பட்டியல்! பிராசஸரை மாற்ற வேண்டுமாம், அதற்கேற்ற மதர்போர்டு வேண்டுமாம். சனிக்கிழமை காலை அக்காவுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். அன்றையது போனால் இரண்டு மாலைதான் மிச்சம்.

வியாழன் மாலை நானும் அவர் வீட்டில் இருந்தேன். வழக்கமான வளைவு, வழக்கமான பள்ளம், வழக்கமான திட்டு. காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்த அவர் மனைவி, வைக்க இடம் தேடி மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, அந்த விலை ஒசந்த கார்டு இதுதானே? இதுல நாலு பொந்து சும்மா கிடக்கு. மானிட்டர் வயரு என்னமோ மேல மதர்போர்டுல சொருகியிருக்கு. அப்ப இந்தக் கார்டு இங்க என்ன பண்ணுது?"

ஆறு விசிறியும் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைத்தான் மூன்றாம் வாரம் முழுக்க ஆராய்ந்தார். மூன்று வருடம் தேடிப் பிடித்த கார்டு ஐந்து நாளாக விளக்குப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

பட்டியலார் மெஷினை நிறுத்தி, வயரைப் பிடுங்கிக் கார்டில் செருகி, மறுபடி போட்டார். மலை வந்தது. பனித்துளி தெரிந்தது. அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கண் பரிசோதனைக்கு வந்த கிழவர்போல ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்: "செங்குத்துச் சரிவு. வேகம் குறை. அக்கா, வேகம் குறை!"

"அப்படிச் சொல்லு! இத்தனை நாளா என்னடா ஆச்சு?"

"வயரு மாறிப்போச்சுக்கா."

"எந்தப் புண்ணியவான் சொருகினது?"

அவர் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"நான்தான்க்கா" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலையும் நான் போயிருந்தேன். லாரி உச்சியில் போய் நின்றது. கீழே ஊர் விளக்குகள் தெரிந்தன. "சின்ன வயசுல பாதியில அழுதுட்டு எந்திரிச்சுப் போயிடுவ. இன்னிக்குக் கூடவே வந்துட்டடா" என்றார் அக்கா. அந்தக் குரல் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதேயில்லை. பட்டியலார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு வருஷம்க்கா. எத்தனை மலை ஏறியிருக்கலாம்" என்றார். அடுத்த வாரம் அக்கா பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நீங்கள் இதுவரை சிரித்துக்கொண்டுதானே வந்தீர்கள்? நமக்குக் கேமும் தெரியாது, கார்டும் தெரியாது என்கிற தைரியம். இருக்கட்டும். உங்கள் செல்போனில் ஒரு பட்டியல் இருக்கிறதா இல்லையா? சோபாவோ, சைக்கிளோ, சுவருக்குப் பூசுகிற வர்ணமோ, "இன்னும் ரெண்டு மாசம் பொறு" என்று யாரையாவது காக்கவைத்திருக்கிறீர்களா இல்லையா? அவர்களுக்கு எத்தனை வாரம் விடுப்பு என்று கேட்டீர்களா?

பட்டியலே இல்லை, எல்லாம் எப்போதோ வாங்கியாயிற்று என்கிறவர்கள் இன்னும் நிம்மதியாக இருக்க வேண்டாம். எழுந்துபோய் ஒரு தரம் மேசைக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, யாராவது கேட்டால் தூசி துடைப்பதாகச் சொல்லுங்கள். வியாழக்கிழமை வீடு திரும்பியதும் என் மனைவியிடம் நானும் அப்படித்தான் சொன்னேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, என் வீட்டில் படம் நன்றாகத் தெரிகிறது.