ஏசிக்கு அடியில் ஓர் ஆரோக்கியசாலி

கம்ப்யூட்டருக்கு வெயில் ஆகாது என்பது மேலிடம் தீர ஆராய்ந்து கண்ட உண்மை. ஆகவே கம்பைநல்லூரில் உள்ள ஓர் அலுவலகத்தில் அதன் தலைக்கு மேலே ஏசி மாட்டப்பட்டது. கம்ப்யூட்டரைத் தட்ட ஓர் ஆள் தேவைப்பட்டதால் கீழே சில்வியாவும் அமர்த்தப்பட்டாள். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, அவள் ஸ்வெட்டர் போட்டு, காதை மூடி, விறைத்த விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

தாங்க முடியாமல் ஒருநாள் மேலாளர் பூவரசன் முன்னால் போய் நின்றாள். கம்ப்யூட்டரை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, மேற்குச் சன்னலோரம் காலியாகக் கிடந்த மேசைக்குத் தன்னை மாற்ற வேண்டும் என்பதே அவளுடைய பேராசை.

"என்னம்மா வியாதி?"

"தைராய்டுங்க சார். உடம்பைக் காக்கற எதிர்ப்புச் சக்தியே, எதிரின்னு நெனச்சு கழுத்துல இருக்கற சுரப்பியை அடிக்குதுங்க. அதனால குளிரு தாங்கல."

"அடிக்கறது யாரு?"

"என் உடம்புதாங்க."

"அடிபடறது?"

"அதுவும் என் உடம்புதாங்க."

பூவரசன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இது உங்க உள்விவகாரம். ரெண்டு தரப்பும் பேசித் தீத்துக்கங்க. சரி, எப்பக் குணமாகும்?"

"குணமாகாதுங்க. தெனம் காலையில வெறும் வயித்துல மாத்திரை போட்டுக்கிட்டா நல்லா இருக்கலாம்."

"தெனமும் செஞ்சும் தீராதுன்னா அது வியாதி இல்லம்மா, உத்தியோகம்."

விஷயம் பரவி, அலுவலகம் ஆலோசனையில் இறங்கியது. கிளார்க் மாதம்மாள் முட்டைக்கோஸை நிறுத்தச் சொன்னாள். டிரைவர் மாதையன் களியை நிறுத்தச் சொன்னார். மறுநாள் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, களியை மட்டுமே சாப்பிடச் சொன்னார். டாக்டரோ மாத்திரை, அதன்பின் காப்பிக்குக் கொஞ்சம் பொறுமை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார். வைத்தியம் இவ்வளவு சுருக்கமாக இருந்ததால் அதை யாரும் மதிக்கவில்லை.

சில்வியா விடவில்லை. மேலிடத்துக்கு மனுமேல் மனு போட்டாள். கடைசியில் ஆணை வந்தது: "தைராய்டு நோயுற்ற பணியாளரை ஏசியின் கீழ் அமர்த்தலாகாது. மேற்படியார் காலையில் தாமதமாக வரவும் இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது."

இரண்டாவது வரியைப் படித்ததும் அலுவலகத்துக்கே உடம்பு சரியில்லாமல் போயிற்று. சோர்வு, மறதி, மத்தியானத் தூக்கம், வேலையில் நாட்டமின்மை என்று பிறவிக் குணமாக நினைத்திருந்ததெல்லாம் நோய் என்று தெரிந்தது. எல்லோரும் ஸ்வெட்டர் வாங்கினார்கள். தர்மபுரிக்குப் போய் ரத்தம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் நார்மல் என்று முடிவு வந்தது. அலுவலகம் இடிந்து உட்கார்ந்தது.

அந்த வாரமே சில்வியாவின் பரிசோதனை முடிவும் வந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதன் பலன், அவளுக்கும் நார்மல். குளிர் மட்டும் விட்டபாடில்லை.

மாதம்மாள் எழுந்தாள். "சில்வியாவுக்கும் நார்மல், எங்களுக்கும் நார்மல். அவளுக்கு நோய் இருக்குதுன்னா எங்களுக்கும் இருக்குதுதானுங்களே சார்?"

தமக்கும் நார்மல் வந்த வருத்தத்தில் இருந்த பூவரசன், இந்த நியாயத்துக்குத் தலைவணங்கினார். எல்லோரும் நோயாளிகளே என்று தீர்ப்பாயிற்று. மேசைகள் மேற்குச் சன்னலை நோக்கி நகர்ந்தன. ஆனால் ஏசிக்குக் கீழே யாராவது உட்கார வேண்டுமே.

"உள்ளதுல நோய் கம்மியா இருக்கற ஆளைப் போடுவோம்," என்றார் அவர். "சில்வியா, மாத்திரை சாப்பிடறது நீங்க ஒருத்தர்தானே?"

"ஆமாங்க சார்."

"பாருங்க. எங்க யாருக்கும் வைத்தியமே நடக்கல. எங்க நெலமைதான் மோசம். நீங்களே அங்க உக்காந்துக்கங்க. காலையில நேரத்தோட வந்துருங்க, நாங்க எல்லாம் லேட்டாத்தான் வருவோம். கதவு தெறக்க ஆள் வேணுமில்ல."

சில்வியாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. குளிரில் இரண்டும் சரியாக வரவில்லை.

மறுநாள் மனு கொடுக்க வந்த விவசாயி ஒருவர், வேர்த்து வழிய ஸ்வெட்டரில் உட்கார்ந்திருந்த அலுவலகத்தைப் பார்த்துவிட்டு சில்வியாவிடம் விசாரித்தார். எல்லோருக்கும் தைராய்டு என்று அவள் சொன்னாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எம் மவளுக்கும் அதுதாங்க. இங்க வேலை கெடைக்குங்களா?"

"கெடைக்கலாங்கய்யா. மாத்திரையை மட்டும் விடாம சாப்பிடச் சொல்லுங்க," என்றாள் சில்வியா. "ஆனா சாப்பிடற விஷயத்தை இங்க வந்து யார்கிட்டயும் சொல்லிட வேணாம்."