பெனர் சேரும் பத்தாவது பிள்ளையும்

இந்தத் தீவில் இதுவரை கட்டப்பட்ட பதாகைகளில், அதாவது பெனர்களில், உண்மையை மட்டும் எழுதியவை எங்கள் பெனர் சேருடையவைதான். இதை நான் எந்தக் கோயில் வாசலில் நின்றும் சொல்லுவேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் அதைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி வலயக் கல்விப் பணிமனையில் இருந்து கோயில் ஐயர் வரை எல்லோருக்கும் அவர் பெனர் சேர்; ஆசிரியரை எங்கள் ஊரில் சேர் என்றுதான் கூப்பிடுவோம். வாவிக்கு அப்பால், படுவான்கரையில், ஐந்தாம் தரம் வரை மட்டும் உள்ள ஒரு சின்ன அரசாங்கப் பள்ளிக்கு அவர் அதிபர். நான் அங்கே ஆசிரியர். வீடு கல்லடியில். தினமும் மோட்டார் சைக்கிளில் துறைக்குப் போய், அங்கிருந்து ‘பாதை’யில் ஏறி அக்கரைக்குப் போவேன். இரண்டு படகுகளின் மேல் பலகை அடித்து, பக்கத்தில் ஓர் எஞ்சினைக் கட்டிவிட்டால் அதற்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். அதிகாலையில் வாவி பனிமூட்டத்தில் கிடக்கும்போது பாதை நகர்வதே தெரியாது. கரைதான் மெல்ல நம்மை நோக்கி வருகிற மாதிரி இருக்கும். அந்த இருபது நிமிடமும் நான் பாதித் தூக்கத்தில்தான் இருப்பேன். இறங்கும் இடத்தில் பெனர் சேரின் புதுப் பெனர் ஒன்று தொங்கி என்னை எழுப்பிவிடும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்தால் பட்டணத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெரிய பள்ளிகளின் மதிலை மறைத்துப் பெனர் எழும்பும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் முகங்கள் வரிசை வரிசையாகச் சிரிக்கும். அதைப் பார்த்த பெற்றோர் அடுத்த நாளே அந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் யாராவது சொந்தக்காரர் இருக்கிறாரா என்று தேடத் தொடங்குவார்கள். பக்கத்து விலாசம் காட்டினால்தானே பிள்ளைக்கு இடம் கிடைக்கும்! எங்கள் பள்ளியிலோ யாரும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியதில்லை. அதனால் எங்களுக்குப் பெனரும் இல்லை, பெயரும் இல்லை.

பெனர் சேர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டணத்தில் காலம் முடிந்த பெனர்களை எல்லாம் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுவார். டியூஷன் நடத்தும் டியூட்டரிகளின் பெனர், தேர்தல் பெனர் எதுவும் தப்பாது. மாமாங்கத் திருவிழா முடிந்த மறுநாள் அமிர்தகழி வீதியில் அவரைக் கத்தியும் கையுமாகப் பார்க்கலாம். பெனரின் பின்பக்கம் வெள்ளை. அதில் எனாமல் பெயிண்டால், வலப்பக்கம் சரிந்த தன் எழுத்தில், எங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதுவார்.

நான் போன முதல் நாள் தொங்கியது இது: “மூன்றாம் தவணை முழுவதும் அழாமல் பள்ளிக்கு வந்த தரம் ஒன்று மாணவி கவிநிலாவை வாழ்த்துகிறோம்.”

அடுத்தது: “ஏழேழு நாற்பத்தொன்பது என்பதை மூன்று மாத முயற்சியின் பின் மறக்காமல் சொன்ன தரம் நான்கு மாணவன் டிலுக்சன்.”

பிறகு வந்ததுதான் பெரிய கதை. “பென்சில் எடுத்தது நான்தான் என்று தானாகவே வந்து ஒப்புக்கொண்ட, பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவனை வாழ்த்துகிறோம்.” அதன் மறுபக்கம் ஒரு தேர்தல் வேட்பாளர். பின்னேரம் வெயில் பின்னாலிருந்து விழுந்ததும் அவர் கும்பிட்டபடி எழுத்துகளுக்கு நடுவில் தோன்றிவிட்டார். ஒப்புக்கொண்டது அவர்தான் என்று நினைத்து ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பிள்ளைகளோடு அவர் நிறுத்தவில்லை. வதனி அக்கா என்று ஒரு தாய். வாவியில் வலை போட்டுப் பிழைப்பவர். மகளின் தேர்ச்சி அறிக்கையில் எப்போதும் கைநாட்டுத்தான் வைப்பார். சேர் அவரைப் பிடித்து உட்காரவைத்து எழுத்துப் பழக்கி, ஒருநாள் கையொப்பம் போடவைத்தார். மறுநாள் பெனர்: “நாற்பதாவது வயதில் முதல் கையொப்பம் இட்ட தாய் வதனி.”

வதனி அக்கா துடுப்போடு பள்ளிக்கு வந்தார். “என்ன சேர் இது! எனக்கு எழுதத் தெரியாம இரிந்தது ஊருக்கே தெரிஞ்சி போச்சே!” என்று சத்தம் போட்டார். சேர் அசையவில்லை. “இப்ப தெரியும் எண்டும்தானே புள்ள தெரிஞ்சி போச்சி” என்றார். துடுப்பு கீழே இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு மாதம், மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்தப் பெனருக்குக் கீழே நின்று தன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத்தான் வதனி அக்கா வீட்டுக்குப் போனார்.

எனக்கு இதெல்லாம் வெட்கமாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். “சேர், வலயத்தில இருந்து ஆரும் கண்டா என்ன நினைப்பாங்க?”

“தம்பி, பட்டணத்துப் பள்ளிக்கூடம் என்ன செய்யிது? நல்லா ஓடுற புள்ளையப் பொறுக்கி எடுத்து, ‘பாருங்க, எங்கட புள்ள ஓடுது’ எண்டு எழுதுது. நம்மட புள்ள இப்பதான் எழும்பி நிக்கிது. எழும்பினதையும் ஆரும் எழுதத்தானே வேணும்?”



வலயத்தில் இருந்து ஆள் வரத்தான் செய்தது. அதற்கு முன் கடிதம் வந்தது. வருகிற ஜனவரியில் முதலாம் தரத்தில் பத்துப் பிள்ளைகளாவது சேராவிட்டால் பள்ளியை அயல் ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவார்களாம். இணைப்பது என்றால் மூடுவது. அயல் ஊருக்கு வட்டை என்கிற வயல்வெளி நடுவாக நடந்து போக வேண்டும். மாரி மழையில் வயலும் வழியும் ஒன்றாகிவிடும். சின்னப் பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? போகமாட்டார்கள், வீட்டில் இருந்துவிடுவார்கள். பெனர் சேர் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒன்பது பிள்ளைகள் கிடைத்தார்கள். பத்தாவது கிடைக்கவில்லை.

பத்தாவது பிள்ளை என் வீட்டில் இருந்தாள். என் மகளுக்கு அந்த ஜனவரியில்தான் முதலாம் தரம். பட்டணத்துப் பெரிய பள்ளி ஒன்றில், என் மச்சாளின் வீட்டு மின்சாரக் கட்டணச் சிட்டையைக் காட்டி அவளுக்கு இடம் எடுத்து வைத்திருந்தேன். இது சேருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஒன்பது என்று எண்ணி முடித்த அன்றும் சேர் என் முகத்தைப் பார்க்காமல் பெயிண்ட் தகரத்தைத்தான் கிளறிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் அதிகாரி பார்வையிட வந்தார். அவரை வரவேற்கச் சேர் தன் வாழ்நாளிலேயே பெரிய பெனரை, இரண்டு பெனர்களைச் சேர்த்துத் தைத்து எழுதினார். அதைப் பாதைப் படகின் நடுவிலேயே, இரண்டு கம்பங்களுக்கு இடையில் கட்டிவிட்டார். “எங்கள் பள்ளியை மூடலாமா என்று பார்க்க வருகை தரும் அதிகாரி அவர்களே, வருக!” அழைத்துப்போகச் சேரும் நானும் உடன் வர, அதிகாரி ஏறும்போது அதை வாசித்தார். சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை.

நடு வாவியில் எஞ்சின் இருமி நின்றது. வாடைக்காற்று அந்தப் பெனரை அப்படியே பாயாக விரித்தது. பாதை துறையை மறந்து தெற்கே புறப்பட்டது.

பாதைக்காரர் கத்தினார். “சேர், பெனர அவுளுங்க! பெனர அவுளுங்க!”

“பெயிண்ட் இன்னும் காயல்லடா. தொட்டா அழிஞ்சிரும்!”

நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம். கரையில் சலவைச் சட்டையோடு வரிசையாக நின்ற எங்கள் பிள்ளைகள் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாகிக் கண்டல் மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்கள். கடைசியில் மீன்பிடிக் கம்புகளில் பாதை செருகி நின்றது. எஞ்சின் சத்தம் இல்லாத வாவி எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கம்பு நுனியில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டது. வானமும் தண்ணீரும் ஒரே நிறத்தில் இருந்தன. அதிகாரி சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார். யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, நான் அறியேன்.

அதிகாரி இருந்த இடத்தில் பெனரின் மறுபக்கம்தான் தெரிந்தது. அந்தப் பாதி ஒரு டியூட்டரியின் பழைய புலமைப்பரிசில் பெனர். முகங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இதில உங்கட பிள்ளைகள் ஆர்?”

“அதில ஒருத்தரும் இல்ல ஐயா. எங்கட புள்ளையள் இந்தப் பக்கம்” என்றார் சேர்.

“கடைசியா எப்ப ஒரு பிள்ளை பாஸ் பண்ணினது?”

“இன்னும் இல்ல ஐயா. ஆனா போன முறை எழுதின ஆறு பேரும் வினாத்தாள முழுசா வாசிச்சாங்க. அதுக்கு முதல் முறை நாலு பேர்தான்.”

அதிகாரி எழும்பி, பெனரைச் சுற்றிக்கொண்டு சேர் நின்ற பக்கம் வந்து உட்கார்ந்தார்.

வதனி அக்கா தோணியில் கம்பு ஊன்றிக்கொண்டு வந்து எங்களுக்குக் கயிறு போட்டார். கட்டியபடியே கேட்டார். “பள்ளிக்கூடத்த மூடப் போறீங்களாமே ஐயா?”

“பத்துப் பிள்ளை இருந்தா மூட ஏலாது அம்மா.”

“ஒம்பது இரிக்கு.” வதனி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “இந்த சேர்ர மகளுக்கும் அஞ்சு வயசு முடியிதுதானே?”

வாவி முழுவதும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. நான் கைப்பையைத் திறந்தேன், மூடினேன்.

“வதனி, கம்ப ஊண்டு புள்ள” என்றார் பெனர் சேர். “காத்து மாறப் போகுது.”

காற்று மாறவில்லை. அப்படியேதான் அடித்தது. அவர் எழுதியதில் பொய் கிடையாது. அன்று எனக்காக ஒன்று சொன்னார்.

ஜனவரியில் பள்ளி தொடங்கிய அன்று, வதனி அக்கா ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “கதிரவெளியில இரிக்கிற என்ட தங்கச்சிர மகள். இனி என்னோடதான் இரிப்பாள். விலாசம் மாத்தியாச்சி. எழுதுங்க சேர்.” தங்கச்சி குடும்பத்தை எப்படிச் சம்மதிக்கவைத்தார் என்று கேட்டதற்கு, கடிதம் எழுதினேன் என்றார். தன் கையால் எழுதினாராம். பள்ளியில் சேர விலாசம் மாற்றுவது நம் நாட்டில் புதிதல்ல. எங்கள் பள்ளிக்காக ஒருவர் மாற்றியது அதுதான் முதல் தடவை. பெனர் சேர் அன்று பாடம் எடுக்கவில்லை, பெயிண்ட்தான் அடித்தார்.

பள்ளி தப்பியது. இன்றும் நடக்கிறது.

ஐந்து வருடம் போனது. என் மகள் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தாள். அவளுடைய பள்ளி மதிலில் மூன்றாவது வரிசையில் அவள் முகம் சிரித்தது. அதே வருடம் எனக்குப் பட்டணத்துக்கு இடமாற்றம் வந்தது. கடைசி நாள் துறையில் வைத்துப் பெனர் சேர் ஒரு சுருளை என் மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டு, “வீட்ட போய்ப் பாருங்க தம்பி” என்றார்.

விரித்துப் பார்த்தேன். “மகளை நகரத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டு அதற்காகத் தினமும் வெட்கப்பட்டும், ஒருநாளும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் குறைக்காத ஆசிரியரை வாழ்த்துகிறோம்.”

முதலில் கோபம் வந்தது. பிறகு அழுதேன். என் வெட்கம் யாருக்கும் தெரியாது என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

இப்போது அது கல்லடியில், என் மோட்டார் சைக்கிள் கொட்டிலுக்குக் கிழக்குப் பக்க மறைப்பாகத் தொங்குகிறது. காலை வெயில் ஏறும்போது மறுபக்கம் தெரியும். மூன்றாவது வரிசையில், சரிந்த எழுத்துகளுக்கு நடுவில், என் மகள் சிரிப்பாள். பட்டணத்தில் தொங்கிய இத்தனை பெனர்களில் அந்த ஒன்றைத் தேடி எப்போது அவிழ்த்தார் என்று நான் கேட்டதில்லை.

போன கிழமைக் காற்றில் ஒரு மூலை கிழிந்துவிட்டது. சுருட்டிக்கொண்டு பாதையேறி அக்கரைக்குப் போக வேண்டும். தைக்க எனக்கே தெரியும். ஆனாலும் சேரிடம்தான் கொண்டுபோகப் போகிறேன்.